ஜாதக நோட்டில் ஒட்டிய சீட்டு

என் முதல் இரண்டு குழந்தைகள் பிறந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு முறையும் முழு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்தார்கள். மகன் கும்பகோணத்தில் மாலை நான்கு நாற்பதுக்குப் பிறந்தான் என்று அம்மா சொல்லித் தெரியும். மகள் ஹவுராவில் காலை ஆறு முப்பத்தைந்துக்குப் பிறந்தாள் என்று மாமனார் சொல்லித் தெரியும். நான் வேலை பார்த்தது ஒரு ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில். கூடவே இருந்து கண்ணால் பார்த்தவர் யார், கேள்விப்பட்டவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே எங்கள் தொழில். என் சொந்தக் குழந்தைகள் விஷயத்தில் நான் கேள்விப்பட்டவள்.

மூன்றாவது முறை கருவுற்றபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. கல்கத்தா என்று எழுதிக்கொண்டிருந்த ஊரைக் கொல்கத்தா என்று எழுதச் சொல்லி எங்கள் மேசைக்குச் சுற்றறிக்கை வந்த வருடம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. சாந்த்ராகாச்சி யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மாமியார் காலமான பிறகு, இதே ஊரில் தனியாக இருந்த மாமனாரும் எங்களோடு வந்துவிட்டார். நான் லோக்கல் ரயிலில் ஹவுராவுக்குப் போய், அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்து அலுவலகம் போவேன்.

இந்தக் குழந்தையை அறுவை இல்லாமல் பெற முடியுமா என்று கேட்டுப் பார்க்க நினைத்தேன். காரணம் வீரம் அல்ல. மகள் பிறந்த பிறகு தையல் சீழ் பிடித்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். அப்போது மூன்று வயதாகியிருந்த மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவான். தூக்கக் கூடாது என்று உத்தரவு. சில நாட்களில் அவன் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். இந்த முறை உதவிக்கு ஆளும் இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, இரண்டு நாள் ரயில் பயணம் அவரால் முடியாது.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு குழந்தையாவது பிறக்கும்போது நான் விழித்திருக்க வேண்டும்.

அடுத்த வீட்டில் ஒரு வங்காளி மாஸிமா, அதாவது சித்தி, இருந்தார். குவார்ட்டர்ஸ் முழுக்க எல்லோருக்கும் அவர் மாஸிமாதான். மாடியில் துணி உலர்த்தும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிளிப்பை வாயில் கவ்வியபடியே சிரித்தார்.

"ஊர்ல எல்லாரும் வலி வேண்டாம்னு காளிகாட் போய் வேண்டிக்கிறாங்க. நீ வலி வேணும்னு காளிகாட் போய் டாக்டரைப் பார்க்கப் போறியா?"

நான் பார்க்கப் போன டாக்டரின் சேம்பர் உண்மையில் காளிகாட்டில்தான் இருந்தது. அவரைப் பற்றி அலுவலகத்தில் ஒரு நிருபர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மெட்ரோ நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை. மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. வெளியே ஒரு பெஞ்சு. காளி கோயிலுக்குப் போய்வந்த பெண்கள் நெற்றியில் சிந்தூரத்தோடும் கையில் செம்பருத்தி மாலையோடும் அதில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெண்டு ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்கு விடறவங்க இந்த ஊர்ல ரொம்பக் கம்மி. நான் விட்டிருக்கேன். எல்லாருக்கும் விடமாட்டேன்" என்றார். "ஏன் கேக்கறே?"

சீழைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு பரிசோதனை மேஜையில் படுக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார். அடிவயிற்றில் குறுக்காக ஒரே கோடு; இரண்டாவது முறையும் அதே கோட்டில்தான் வெட்டியிருந்தார்கள்.

"இது வெளியில இருக்கற தழும்பு. இதைப் பார்த்து எனக்கு ஒண்ணும் தெரியாது. கர்ப்பப்பையில எப்படி வெட்டினாங்கன்னுதான் எனக்குத் தெரியணும். கீழ்ப்பக்கம் குறுக்கால மட்டும் வெட்டியிருந்தா அது பெரும்பாலும் வலியைத் தாங்கும். மேல்நோக்கி வெட்டியிருந்தா வலி வரும்போது பிரிஞ்சு போகலாம். பிரிஞ்சா குழந்தைக்கு நிமிஷக் கணக்குதான். உனக்கும்தான்."

"தெரிஞ்சுக்க வழி?"

"வெட்டினவங்க எழுதி வெச்சிருப்பாங்க. ரெண்டு காகிதத்தையும் கொண்டு வா. அப்புறம் உன் வீட்லேருந்து ஆஸ்பத்திரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்னு பார்த்துட்டு வா. சும்மா உத்தேசமா சொல்லாதே."

உத்தேசமாகச் சொல்கிறவள் நான் இல்லை. டாக்டர் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை தெற்கே இருந்தது. புதிய பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். நான்கு முறை டாக்சியில் போய் நேரம் குறித்தேன். ஞாயிறு காலை முப்பத்தைந்து நிமிடம். செவ்வாய் காலை ஒரு மணி ஐந்து நிமிடம். மழை பெய்த வியாழக்கிழமை ஒன்றரை மணி. ஒரு கட்சியின் ஊர்வலம் போன நாளில் இரண்டு மணி பத்து நிமிடம். அதில் நாற்பது நிமிடம் டாக்சி நகரவே இல்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். என் வயிற்றைப் பார்த்துவிட்டு அணைத்தார்.

அந்த நான்கு நேரங்களையும் கணவரிடம் காட்டினேன். அவர் சண்டை போடுகிறவர் அல்ல. குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ரெண்டையும் நான் எப்படி வளர்ப்பேன்னு இதுல எங்கேயாவது எழுதியிருக்கியா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது அறுவையின் காகிதம் சுலபமாகக் கிடைத்தது. ஹவுராவில் இருந்த அந்த நர்சிங் ஹோமில் இரண்டு நாள் அலைந்ததில் ஒரு பிரதி கொடுத்தார்கள். அரைப்பக்கம். கர்ப்பப்பையில் பழைய தழும்பு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அறுவைக்கான காரணம் என்ற இடத்தில் இரண்டே விஷயங்கள்: முன்பு ஒரு அறுவை, தாயின் விருப்பம்.

தாயின் விருப்பம் என்பதைப் பல முறை படித்தேன். அது என் விருப்பமாக இருக்கவில்லை. அப்போதே அந்த சர்ஜனிடம், இந்த முறை இயல்பாக முயன்று பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். "எதுக்கு வீண் கஷ்டம்?" என்றார் அவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த மாமனார் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். கும்பகோணத்தில் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பழக்கமான ஜோசியர் குறித்துக் கொடுத்தது. மே மாதக் கடைசியில் ஒரு நாள், காலை ஆறு இருபதிலிருந்து ஆறு ஐம்பதுக்குள், ரிஷப லக்னம். வலி வரும் என்று டாக்டர்கள் கணித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். சர்ஜனுக்கு அந்த நேரம் வசதியாக இருந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் எழுதியதை ஒவ்வொரு சொல்லாகப் படித்துத் திருத்துகிற வேலையில் இருப்பவள், என் வயிற்றைப் பற்றிய காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

மகளுக்கு ஐந்து மாதமானபோது வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரம் எளிய வேலையாக வானிலைக் கட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் தினமும் சூரிய உதயமும் அஸ்தமனமும் போட வேண்டும். பழைய இதழ்களைப் புரட்டி முன்மாதிரி பார்த்தபோது மகள் பிறந்த மே மாத நாளின் கட்டம் கண்ணில் பட்டது. உதயம் நான்கு ஐம்பத்து மூன்று. கும்பகோணத்தில் அந்த நாட்களில் ஆறுக்குக் கொஞ்சம் முன்னால்தான் விடியும். லக்னத்தை உதயத்திலிருந்துதான் எண்ணுவார்கள்; ஜோசியர் அவருடைய ஊர்ச் சூரியனை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் ஊரில் ஆறு முப்பத்தைந்துக்கு ரிஷப லக்னம் எப்போதோ முடிந்துவிட்டது. மகள் மிதுன லக்னத்தில் பிறந்து, ரிஷப லக்ன ஜாதகத்தோடு வளர்ந்துகொண்டிருந்தாள்.

இதை நான் மாமனாரிடம் சொல்லவில்லை. ஐந்து வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. அவரிடம் எனக்கு ஒரு கோபம் இருந்தது. முயன்று பார்க்க எனக்கு இருந்த ஒரே வாய்ப்பை அந்தக் காகிதம் எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். அதுவும் தப்பான காகிதம் என்று தெரிந்தது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள ஒரு காரணமாக இருந்தது.

முதல் அறுவையின் காகிதம் மிச்சம். மகன் பிறந்த கும்பகோணத்து ஆஸ்பத்திரியை, எனக்கு அறுவை செய்த அம்மா டாக்டரே தனியாக நடத்தினார். அவர் இறந்த பிறகு அது துணிக்கடையாகிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சீட்டைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு முயற்சியாக அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அந்தச் சீட்டா? அது ஜோசியர்கிட்ட இருக்கும்டி" என்றார், ரேஷன் கார்டு பீரோவில் இருக்கிறது என்பதுபோல.

"ஆபரேஷன் சீட்டு ஜோசியர்கிட்ட எதுக்கும்மா?"

"நேரம் அதுலதானே இருந்தது. வாயால சொன்னா அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆயிடும்னு அசலையே குடுன்னார். ஜாதகம் எழுதற நோட்டுல ஒட்டி வெச்சிருப்பார். அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார்."

அம்மா மூட்டுவலியோடு ரிக்‌ஷா வைத்துப் போனார். ஜோசியர் எதையும் தூக்கிப் போடவில்லை என்பது உண்மை. வருட வாரியாக நோட்டுகள். மகன் பிறந்த வருடத்து நோட்டில் அவன் கட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சீட்டு இருந்தது. பிறந்த நேரம் எழுதிய பின்பக்கம் மேலே தெரியும்படி ஒட்டியிருந்தார். முன்பக்கம் முழுவதும் பசைக்குள். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அம்மா அந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கிவந்தார். இட்லிப் பானையைக் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டிக் காட்டி, அரை மணி நேரத்தில் சீட்டைப் பிரித்தார். கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் செய்தார்.

ஃபேக்ஸ் இயந்திரம் செய்தி மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பகல் இரண்டரை மணி. மாவட்ட நிருபர்களின் செய்திகளுக்கு நடுவில் அந்தத் தாள் சுருண்டு வந்தது. பசை இருந்த இடங்களில் கறுப்புத் திட்டுகள். ஆனால் அந்த அம்மா டாக்டர் தெளிவாக எழுதுகிறவர். ஒரு பகல் முழுவதும் வலி. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் இறுகிச் சிக்கிக்கொண்டது. குறுக்காக வெட்டிய வெட்டு போதாமல், அதன் நடுவிலிருந்து மேல்நோக்கியும் வெட்டிக் குழந்தையை எடுத்தார்கள். எழுத்தோடு நிற்காமல் சின்னதாகப் படமும் போட்டிருந்தார்: ஒரு படுகோடு, அதன் நடுவில் ஊன்றிய ஒரு நெடுங்கோடு. கீழே கடைசி வரி அடிக்கோடிட்டிருந்தது. இனி வரும் பிரசவங்களில் வலி தொடங்கும் முன்பே அறுவை செய்ய வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் "முக்கியமான செய்தியா?" என்று கேட்டார். இல்லை, வீட்டுக் காகிதம் என்றேன். அன்று மிச்சமிருந்த மூன்று செய்திகளையும் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அலுவலகத்துக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கடைசி வரி உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா லைன் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"இங்கிலீஷ்ல எழுதினது எனக்கு எப்படித் தெரியும்? ஆனா அவங்க வாயாலயும் சொன்னாங்க. அடுத்ததும் ஆபரேஷன்தான், வலி வர விடக் கூடாதுன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அப்பதான் கண்ணு முழிச்சே. அப்பவே அடுத்ததைச் சொல்லிப் பயமுறுத்தணுமா? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரெண்டாவதுக்கு உன் மாமனாரே நாள் குறிச்சு ஆபரேஷன்னு சொல்லிட்டார். சரி, சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சுன்னு விட்டுட்டேன்."

படகில் திரும்பும்போதுதான் அது முழுவதாகப் புரிந்தது. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதாக நான் நினைத்த வாய்ப்பு இருந்ததே இல்லை. அன்று நான் கையெழுத்துப் போடாமல் பிடிவாதம் பிடித்திருந்தால், சாந்த்ராகாச்சியில் வலி எடுத்து, ஏதோ ஒரு ஊர்வலத்துக்குப் பின்னால் டாக்சியில் உட்கார்ந்திருப்பேன். என்ன காரணம் என்று யாருக்குமே தெரிந்திருக்காது. சர்ஜனுக்குத் தெரியாது, மாமனாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கும்பகோணத்தில் இருந்தார். தெரிந்த ஒரே காகிதம் பசைக்குள் இருந்தது. தவறான சூரியனை வைத்துக் குறித்த ஒரு நேரம் என்னை வலிக்கு முன்னால் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. இதை நன்றி என்பதா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மாமனார் வராந்தாவில் உட்கார்ந்து மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபேக்ஸ் தாளை அவரிடம் கொடுத்தேன். ரயில்வே கணக்கு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர்; இரண்டு முறை படித்தார்.

"அன்னைக்கு நீங்க நாள் குறிச்சது நல்லதாப் போச்சு மாமா" என்றேன். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நல்ல நேரம்மா அது."

"நேரம் தப்பு மாமா. அது கும்பகோணத்துச் சூரியன். இங்க அன்னைக்கு நாலு அம்பத்து மூணுக்கே விடிஞ்சாச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மகள் ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"அஞ்சு வருஷமா."

"அஞ்சு வருஷமா என்னை முட்டாளாவே வெச்சிருந்தியா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு பிழையைக் காட்டினால் கேட்கிற குரல். பிறகு, "நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். தினம் வெளிச்சம் வந்துதான் முழிச்சிருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை காளிகாட் போனேன். டாக்டர் தாளை மேஜையில் தட்டையாக வைத்துப் படித்தார். படத்தின் மேல் விரலை வைத்தார்.

"நல்ல டாக்டர். படம் போட்டு வெச்சிருக்காங்க." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதுக்கு நான் வலிக்கு விடமாட்டேன்."

"தெரியும்."

"அழணும்னா அழலாம். வெளியில மூணு பேர்தான் இருக்காங்க."

அழவில்லை. நாளை அவரே குறித்தார். முழு மாதத்துக்கு மூன்று வாரம் முன்னால். அந்த நாள் என் ராசிக்கு ஆகாது என்று மாமனார் பஞ்சாங்கத்தில் பார்த்திருக்க வேண்டும். ஆனால் வாய் திறக்கவில்லை. அன்று சேம்பரை விட்டுக் கிளம்புமுன் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் சீட்டில் ஏதோ எழுதினார். "முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைக்கலாம். முழிச்சே இருக்கலாம். இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அறுவை அரங்கில் என் மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாது. யாரோ பைக்குள் கைவிட்டுச் சாவி தேடுவதுபோல ஒரு அசைவு மட்டும் வயிற்றில் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் தெரிந்தது. பதினொன்று பதினேழுக்கு அழுகை கேட்டது. துணிக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில், ஈரமாக, ஒரு கை காதை மறைத்தபடி. பெண்.

தைத்துக்கொண்டிருந்தபோது டாக்டரிடம் கேட்டேன்: "பழைய தழும்பு எப்படி இருக்கு?"

கை நிற்காமலே பதில் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. வலியைத் தாங்கியிருக்குமான்னு என்னைக் கேக்காதே. பார்த்துச் சொல்ல முடியாது."

அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. தழும்பு நன்றாகத்தான் இருந்தது. வலி வரவிடக் கூடாது என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நர்ஸ் படிவத்தில் பதினொன்று இருபது என்று எழுதினார். பதினொன்று பதினேழு என்றேன். "மூணு நிமிஷத்துல என்ன தீதி?" என்றார் அவர். திருத்தி எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாமனார், குழந்தை பிறந்த அன்று வந்த எங்கள் பத்திரிகையின் வானிலைக் கட்டத்தை ஏற்கெனவே கத்தரித்து, உதயத்தின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, கும்பகோணத்து ஜோசியருக்கு அனுப்பும் உறையில் வைத்திருந்தார். பிறந்த நேரத்துக்காக ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டுக் கை நீட்டினார். கணவர் கடைக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவரும்வரை காத்திருக்கச் சொன்னேன். அசலை முதல் சீட்டின் ஃபேக்ஸோடும் இரண்டாவதன் பிரதியோடும் சேர்த்து என் பெட்டியில் வைத்தேன். இன்று என் இரண்டு பெண்களுக்கும் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும்.